உதட்டில் அடித்த ஷாக்கும் பனியன் வேஸ்ட் சுவரும்

முதல் நாளே பாட வந்த பெண்ணுக்கு மைக்கில் ஷாக் அடித்துவிட்டது. ஆளைத் தூக்கி எறிகிற ஷாக் இல்லை. உதடு மைக் வலையில் பட்டதும் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றதாம். சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றார். எதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த 22 பேரில் பாதிப்பேர் அதையும் பாட்டோடு சேர்த்துத் தலையாட்டினார்கள். எழுதி வைக்காமல் அங்கேயே உண்டாக்குகிற இந்த வகை இசையில் இது ஒரு தொல்லை. எது வாசிப்பு, எது விபத்து என்று முன்வரிசைக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது. எங்கள் அப்பா பெருந்துறைப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாண வீட்டில் யாராவது மைக்கைத் தொட்டுக் கையை உதறினால் அவர் முதலில் போய் மெயினை இறக்குவார், அப்புறம்தான் பேச்சு. நானும் அதையே செய்தேன். கச்சேரி மீதி நேரம் மைக் இல்லாமல், இரண்டு எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

இடம் கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு பழைய கிரைண்டர் பட்டறை. நண்பனுடைய அப்பா நடத்தியது. 30 அடி நீளம், 18 அடி அகலம், சராசரியாக 12 அடி உயரம், மேலே கலர் ஷீட், முன்னால் ரோலிங் ஷட்டர். மூலையில் ஊத்துக்குளிக் கல்லில் செய்த கிரைண்டர் கற்கள் 16 விற்காமல் கிடந்தன. பட்டறையை வாடகைக்கு விடாமல், மாதம் இரண்டு சனிக்கிழமை இந்த இசைக்குத் திறந்துவிடுவது என்று அவன் முடிவு செய்தபோது வீட்டில் ஒரு வாரம் யாரும் அவனோடு பேசவில்லை.

இந்த இசை என்றால் என்ன? இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, எதையும் முன்கூட்டி எழுதி வைக்காமல், அங்கேயே உண்டாக்குவது. நம் கச்சேரியிலும் மனோதர்மம் உண்டு, ஆனால் அதற்கு ராகம், தாளம் என்று வேலி இருக்கும். இங்கே அந்த வேலியையும் வாசிக்கிறவர்களே அந்த நேரத்தில் நடுவார்கள், பிடுங்குவார்கள். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் முதல் நாள் வாசலில் கால் மணி நேரம் நின்று கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏந் தம்பி, கச்சேரின்னு சொன்னீங்க, இன்னும் சுதியே சேத்தீட்டு இருக்கறாங்களே?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

உலகத்தில் இதற்கென்று சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. லண்டன் டால்ஸ்டனில் 2008-இல் தொடங்கிய கஃபே ஓட்டோ ஒன்று. நியூயார்க்கில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஜோர்ன் 2005-இல் திறந்த தி ஸ்டோன் இன்னொன்று. அங்கே குடிக்கவும் தின்னவும் எதுவும் விற்பதில்லை, வாசலில் வசூலாவது முழுக்க வாசிக்கிறவர்களுக்கு. நண்பன் இதை அப்படியே பிடித்துக்கொண்டான். வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பா, விருப்பப்பட்டதைப் போடலாம், எண்ணி வாசித்தவர் கையில் கொடுத்துவிடுவது. டீ வேண்டுமென்றால் முனையில் பேக்கரி. கோயமுத்தூரில் எந்த முனையிலும் பேக்கரி இருக்கும் என்பதால் இந்தக் கொள்கை யாரையும் வாட்டவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மறுநாள் ஞாயிறு காலை மல்டிமீட்டரோடு போனேன். ஒரு முனையை மைக் வலையில் வைத்து, இன்னொரு முனையை ஈரத்துணியில் சுற்றித் தரையில் வைத்தேன். 96 வோல்ட். நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டதும் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. அதாவது ஓடுகிற கரண்ட் 0.3 மில்லி ஆம்பியர்தான். மிக்ஸர், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றுக்குள்ளும் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் சாமானின் உடம்பெல்லாம் பாதி வோல்ட்டேஜில் தொங்கிக்கொண்டிருக்கும், யாராவது வழிகாட்ட மாட்டார்களா என்று. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஊர் இது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்ற அந்தப் பெண்தான் வழி.

சுருக்கென்றதோடு போனது நம் நல்ல நேரம். அதே கம்பியில் மாட்டியிருக்கும் ஏதோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரில் நிஜமாகவே லைன் உடம்பில் பட்டால், அத்தனை சாமானும் 230 வோல்ட் ஆகிவிடும்.

மெயின் போர்டைத் திறந்தேன். பச்சை வயர் வெட்டி, டேப் சுற்றி, ஓரமாகச் சொருகப்பட்டிருந்தது. பழைய எர்த் குழியைத் தேடினால், பத்து வருடம் முன்பு கட்டிய கக்கூஸ் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட மோசம், ஒரே ஒரு பிளக் பாயிண்டில் எர்த் பின்னை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் அந்தப் பாயிண்டில் மாட்டியதெல்லாம் ஆளைக் கொல்லும். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் செத்துப்போன யாரோ ஒரு வயர்மேன் பெயர்தான் வரும்.

பின் சந்தில் புதுக் குழி. மூன்றடி வரைக்கும் செம்மண், அதற்குக் கீழே சுக்கான் கல். இரண்டு பேர் கடப்பாரையோடு ஒரு பகல் முழுக்க இடித்து ஒன்பதடி இறங்கினார்கள். 40 எம்.எம். ஜி.ஐ. பைப் எட்டடி, கீழ்ப் பாதியில் துளை போட்டு நட்டோம். சுற்றி ஒரு வரிசை அடுப்புக்கரி, ஒரு வரிசை கல் உப்பு, மறுபடி கரி என்று மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல். பழைய முறைதான். இப்போது கெமிக்கல் எர்த்திங் என்று பையில் விற்கிறார்கள், சீக்கிரம் முடியும். எனக்குக் கரியும் உப்பும் பழக்கம். மில்லிலிருந்து எர்த் டெஸ்டரை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி அளந்ததில், முதல் நாள் 11 ஓம் காட்டியது. தினம் இரண்டு குடம் தண்ணீர் விட்டு, பத்தாம் நாள் அளந்தபோது 4.6. அது போதும். கரண்ட் கசிந்தால் தானே மெயினை அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போர்டில் மாட்டினேன். அதன் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று போர்டிலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை என்னைத் தவிர யாரும் அழுத்தியதாகத் தெரியவில்லை.

மைக் வலையில் இப்போது பூஜ்யம். ஷாக் போனது. ஹம் வந்தது.

இதை அனுபவப்பட்டவர்கள் நம்புவார்கள். எர்த் இல்லாதபோது இல்லாத முனகல், எர்த் சரியானதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உட்கார்ந்துகொண்டது. லேப்டாப் ஒரு சுவரில், மிக்ஸர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் மண்ணுக்குப் போக ஒரு வழி, நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டு, அதாவது உள்கம்பியைச் சுற்றிய கம்பி வலை, இன்னொரு வழி. வட்டம் பூர்த்தியாகிவிட்டது. சுற்றியிருக்கும் மின்காந்தப் புலமெல்லாம் அந்த வட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட்டும். பட்டறையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் கேட்டுவிட்டு, "ஜி-யை விடக் கொஞ்சம் தூக்கலா பாடுதுங்கண்ணா" என்றான். சரியாகச் சொன்னான். ஜி 49 ஹெர்ட்ஸ், நம் கரண்ட் 50.

இந்த இடத்தில்தான் பலர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுவார்கள். ஹம் போய்விடும், உண்மைதான். எங்கள் போர்டில் அந்தப் பச்சை வயரை வெட்டியவரும் அப்படி எதையோ சரி செய்யத்தான் வெட்டியிருப்பார் என்பது என் ஊகம். நான் செய்தது: ஆடியோ சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபேஸில், ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற ஒரே பெட்டி. விளக்கும் ஃபேனும் வேறு ஃபேஸ். பட்டறை என்பதால் மூன்று ஃபேஸ் இருந்தது நல்லதாயிற்று. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பெட்டி இரண்டு, நானே காந்திபுரத்தில் பாகம் வாங்கிச் செய்தது. சத்தம் காந்தம் வழியாகத் தாண்டும், கரண்ட் தாண்டாது. ஹம் போனது.

அப்புறமும் ஒரு "ஜிர்ர்" மிச்சமிருந்தது. ஹம் வேறு, இது வேறு. ஹம் வயிற்றில் கேட்கும், இது பல்லில் கேட்கும். கிட்டார் வாசிக்க வந்த ஒரு அண்ணன் கிட்டாரை மேசையில் படுக்கப் போட்டு, அதன் மேல் ஸ்பிரிங், பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், குட்டி ரேடியோ எல்லாம் வைத்து வாசிப்பார். 1965-இல் லண்டனில் தொடங்கிய ஏ.எம்.எம். என்ற இசைக்குழுவின் கிட்டார்காரர் கீத் ரோ காட்டிய வழி இது. கிட்டாரைக் கையில் பிடித்தால் பழகிய விரல் பழகியதையே வாசிக்கும், படுக்கப் போட்டால் புதிதாகக் கற்க வேண்டும். படுத்திருக்கும் கிட்டாரின் பிக்கப் சுருள், சுற்றிலும் இருக்கும் எல்லா இரைச்சலையும் வாரி எடுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், நான்கு ஃபேன்களின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் எதிரி. அது கரண்டை நொடிக்கு 100 தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டுதான் ஜிர்ர்.

மாற்றலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது அவர், "விடுங்க தம்பி, இதுவும் இந்த ரூமோட சத்தம்தானே, நான் இதோட வாசிச்சுக்கறேன்" என்றார். நாங்கள் பேக்கரியில் முக்கால் மணி நேரம் இதைப் பேசினோம். அவர் தன் ரேடியோவை வேண்டும்போது திறக்கிறார், வேண்டாதபோது மூடுகிறார். ரெகுலேட்டரை அவரால் மூட முடியுமா? மூடினால் ஏப்ரல் மாதத்தில் கலர் ஷீட்டுக்குக் கீழே 40 பேர் வெந்துபோவார்கள். அவருக்குப் பிறகு ஒரு புல்லாங்குழல்காரர் ஊதுகிறார், கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் ஊதுவார். அவருடைய வாசிப்பை இந்த ஜிர்ர் தின்றுவிடும். அடைக்க முடியாத வாயை மேளக்காரர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் நான்கு வாங்கி மாட்டிவிட்டேன். அவருக்கு இன்னும் சின்ன வருத்தம் உண்டு.

இனி எதிரொலி. இதில்தான் நாள் அதிகம் போனது.

காலிப் பட்டறையில் கை தட்டினால் தகரத்தில் கோலி உருட்டியதுபோல் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பேசினால் வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. திருவிழாக் கடை பலூன் பத்து வாங்கி, அறையின் வெவ்வேறு இடங்களில் உடைத்து, போனில் பதிவு செய்து பார்த்ததில், சத்தம் அடங்க சராசரியாக 2.4 நொடி ஆனது. கோயில் மண்டபத்துக்கு அது அழகு. ஒரு கம்பி நாரை உரசுகிற சத்தத்தைக் கேட்க வேண்டிய இடத்துக்கு ஆகாது.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று அவரைச் சரி செய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, கூட்டியும் குறைத்தும் அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஸ்டாப் வாட்சில் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்ப வைத்துவிடுவாராம். அதிலிருந்து வந்த சூத்திரம் எளிது. அறையின் கனஅளவை மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் அடங்கும் நொடி.

எங்கள் அறை 183 கன மீட்டர். 2.4 நொடி என்றால் உறிஞ்சல் வெறும் 12 சதுர மீட்டர் அளவுக்குத்தான் இருக்கிறது. அதாவது 12 சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்து வைத்ததற்குச் சமம். சத்தம் உறிஞ்சுகிற நாலுக்கு இரண்டு அடி பலகை 24 செய்து மாட்டினால் இன்னொரு 14 கூடும், நொடி 1.1-க்கு வரும். உட்கார்ந்திருக்கிற மனிதர் ஒருவர் தோராயமாக அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சுவார். 40 பேர் வந்தால் 0.7 நொடிக்கும் கீழே போகும். ஆளும் ஒரு பஞ்சு மூட்டைதான். நண்பனிடம் கணக்கைக் காட்டியபோது, "அப்ப 80 பேர் வந்தா பலகையே வேண்டாமே" என்றான். 80 பேர் எங்கிருந்து வருவார்கள் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முட்டை அட்டை ஒட்டச் சொல்லாத ஆள் கிடையாது. "நாமக்கல்ல நம்ம மாமன் கோழிப்பண்ணை வெச்சிருக்காரு, சும்மாவே தருவாரு." வேண்டாம். மெல்லிய காகிதக் கூழ் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதற்குக் கீழே ஒன்றும் செய்யாது. தீப்பற்றினால் ஓட நேரம் தராது. சுவர் மொத்தமும் விறகு அடுக்கினதுபோல்.

கண்ணாடிக் கம்பளி வாங்கலாம், அரிக்கும். பொள்ளாச்சி தென்னை நாரை முதலில் முயன்றோம். தூசி கொட்டியது, இரண்டு பேருக்குத் தும்மல் நிற்கவில்லை. அப்போதுதான் பட்டறையில் ஒரு மூலையில் கிடந்த, கிரீஸ் துடைக்க வாங்கிய பனியன் வேஸ்ட் கண்ணில் பட்டது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டு. மூட்டை மூட்டையாக எடைக்கு விற்பார்கள். முழுப் பருத்தி வெள்ளை கட்டிங் மட்டும் கேட்டு வாங்கினேன். பாலியஸ்டர் கலந்தது தீயில் உருகிச் சொட்டும். ரீப்பர் கட்டையில் நாலங்குல ஆழத்துக்குச் சட்டம், ஒரு பலகைக்கு நாலரைக் கிலோ வேஸ்ட், மேலே சோமனூர்ப் பக்கத் தறியில் வாங்கிய காடா துணி. துணி கெட்டியாக இருந்தால் சத்தம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், அதுதான் சோதனை. கடைக்காரர் நான் துணியை ஊதி ஊதிப் பார்த்ததை விநோதமாகப் பார்த்தார்.

தீ விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தவன். மில்லில் பஞ்சு எரிவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் தப்பட்டைக்காரர்கள் வந்தால் தோலைக் காய்ச்ச வாசலில் வைக்கோல் கொளுத்துவார்கள், ஒரு பொறி போதும். 100 லிட்டர் தண்ணீருக்கு 7 கிலோ வெங்காரம், 3 கிலோ போரிக் பவுடர் என்ற விகிதத்தில் கரைத்து, துணியை முக்கியெடுத்தோம், வேஸ்டை நனைத்து மொட்டை மாடியில் காயவைத்தோம். கேரம் போர்டில் போடுகிற அதே போரிக் பவுடர்தான். காய்ந்த துண்டில் தீக்குச்சி வைத்தால் கருகியது, தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. கரைசலில் முக்காத துண்டு கையைச் சுட்டது. இப்படிச் செய்த துணியைத் துவைத்தால் மருந்து போய்விடும் என்பதை நண்பனுடைய அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. சுவரில் அழுக்குத் துணி தொங்குவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது.

24 பலகையும் மாட்டி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாப் பலகையும் கர்ப்பிணி வயிறு மாதிரி கீழே தொங்குகிறது. மேலே அரை அடி வெறும் துணி. கட்டிங் வேஸ்ட் தன் எடையிலேயே இறங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. இரண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலமாகச் செய்த வேலை.

மெத்தை தைக்கிற பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். இலவம் பஞ்சு மெத்தை ஏன் இறங்குவதில்லை என்று கேட்டேன். "குத்தாத மெத்தை எங்கீங் நிக்கும்?" என்றார். கோணி ஊசியில் சணல் கோர்த்து, முன்னும் பின்னும் போய், ஒரு சாண் இடைவெளியில் முடிச்சு முடிச்சாக இழுத்துக் கட்டினார். ஒரு பலகைக்கு 18 முடிச்சு. பின்பக்கமும் துணி வேண்டும், வெறும் சட்டம் போதாது என்றார். ஆக எல்லாவற்றையும் கழற்றி, பிரித்து, மறுபடி அடைத்து, அவரோடு உட்கார்ந்து நாங்களும் தைத்தோம். முன்பு வழுவழுவென்று ஸ்டுடியோ மாதிரி இருந்தது. இப்போது சுவரில் மெத்தை மாட்டியதுபோல் இருக்கிறது. ஆறு மாதமாக இறங்கவில்லை.

நாலங்குலப் பலகை கனத்த சத்தத்தைப் பிடிக்காது. பேஸ் கிட்டார் மூலையில் உறுமிக்கொண்டே இருந்தது. மிச்சமிருந்த வேஸ்ட் மூட்டைகளைப் பிரிக்காமலே இரண்டு மூலையிலும் கூரை வரை அடுக்கினோம். உறுமல் பாதி குறைந்தது. கிரைண்டர் கல்லில் நாலு, ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் போனது. அசைக்கவே முடியாது, கேபிள் தடுக்கினாலும் ஸ்பீக்கர் விழாது.

காலி அறையில் பலூன் இப்போது 1.1 நொடி. கணக்கு அப்படியே வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அது ஒரு வாரம்தான் நீடித்தது. உடுக்கை அடித்து ராத்திரி முழுக்கக் கதை பாடுகிற ஒரு பெரியவரை நண்பன் அழைத்து வந்திருந்தான், மேசைக் கிட்டார்காரரோடு சேர்ந்து வாசிக்க. ராகம் தாளம் இல்லாத இசை அவருக்குப் புதிதாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கூட்டம் தூங்கினால் கதையை எங்கே இழுப்பது, சாமி வந்தால் எங்கே நிறுத்துவது என்று ஆயுசு முழுக்க அந்த இடத்திலேயே முடிவு செய்தவர். அவருடைய கவலையெல்லாம் சுவர்தான். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி, விட்டு, "டுவ்வ்" என்று இழுத்துக்கொண்டே அறை முழுக்க ஒரு சுற்று நடந்தார். மேடைப் பக்கம் வந்ததும் நின்றார்.

"இங்க அடிச்சாச் சத்தம் செத்துப் போவுது கண்ணு. எனக்கே கேக்கலீன்னா நான் யாருக்கு அடிக்கறது?"

வாசிப்பவர்களுக்குப் பின்னால் நான் ஏழு பலகை மாட்டியிருந்தேன். மீட்டருக்கு அது சரி. ஆனால் வாசிப்பவர் தன் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் அடுத்ததை முடிவு செய்கிறார். எழுதி வைத்ததை வாசிப்பவருக்கு அது இல்லாவிட்டாலும் ஓடிவிடும், இவர்களுக்கு ஓடாது. அந்த ஏழையும் கழற்றி, கேட்பவர்களுக்குப் பின்னால் கொண்டு போனோம். மொத்த எண்ணிக்கை அதேதான், பலூனும் அதே 1.1 காட்டுகிறது. பெரியவர் மறுபடி ஒரு சுற்று வந்து, வெறும் செங்கல் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, தலையசைத்தார். அன்றைய கச்சேரியில் கிட்டார்காரர் அவரைப் பின்தொடர முடியாமல் திணறியது தனிக்கதை.

உள்ளே பஞ்சு மாட்டினால் வெளியே சத்தம் போகாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகும். உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. தடுக்க எடையும், காற்றுப் புகாத ஓரமும் வேண்டும். எங்கள் ஷட்டரோ இரண்டும் இல்லாதது, போதாததற்கு பேஸ் வாசித்தால் கூடவே கடகடக்கும். உட்பக்கம் இரண்டடி தள்ளி, இரட்டை ப்ளைவுட்டில் ஒரு சுவரும் கதவும் கட்டினோம். ஓரமெல்லாம் சைக்கிள் டியூப். ஷட்டர் பட்டைகளுக்கு நடுவிலும் டியூப் துண்டு சொருகியதில் கடகடப்பு நின்றது. பின்வீட்டுக்கு இன்னமும் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது. டோக்கியோவில் யோயோகி பகுதியில் ஆஃப் சைட் என்று ஒரு சின்ன இடம் 2000 முதல் 2005 வரை இருந்தது. அக்கம்பக்கம் நெருக்கம், சுவர் மெலிசு. அதனால் அங்கே வாசித்தவர்கள் மிகமிகச் சன்னமான சத்தத்தில் வாசிக்கப் பழகி, அந்தச் சன்னமே அவர்களுடைய பாணியாகப் பேர் வாங்கியது. எங்களிடம் அவ்வளவு பக்குவம் இல்லை. எட்டரைக்கு முடித்துவிடுவோம், மார்ச் மாதம் பரீட்சை முடியும் வரை திறப்பதில்லை, தப்பட்டை என்றால் ஞாயிறு மத்தியானம் மட்டும். பின்வீட்டு ஆத்தா ஒருமுறை வந்து எட்டிப் பார்த்து, "பேயோட்டறீங்களா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போனதோடு சரி.

வெயில் தணிந்து ஷீட் சுருங்கும்போது ஆறரையிலிருந்து ஏழேகால் வரைக்கும் கூரை டக் டக்கென்று சொடுக்கும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தேன், சொடுக்குகிற இடம் மாறியது, சொடுக்கு நிற்கவில்லை. விட்டுவிட்டேன். ஏழரைக்குக் கச்சேரி தொடங்குகிறோம். கிட்டார்காரர் மட்டும் தனக்கு ஆறரை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

லேத் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சனிக்கிழமைகளில் அவர் ஏழரைக்கே மோட்டாரை நிறுத்த ஆரம்பித்தார், நாங்கள் கேட்காமலே. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார். போன மாதம் புல்லாங்குழலும் ஒரு வயலினும். அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார்கள், மேலே எங்கோ ஒரு மெல்லிய இழுவைச் சத்தம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வயலின்காரர் வில்லை அசைக்காமலே அதை எப்படி எடுக்கிறார் என்று நான் எக்கிப் பார்த்தேன். எல்லோரும் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முடிந்து கைதட்டியதும் லேத் அண்ணன் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, உங்க எக்ஸாஸ்ட்ல பேரிங் போயிருச்சுங்க."

வயலின்காரர் சிரித்துவிட்டார். கடைசி ஐந்து நிமிடம் தானும் புல்லாங்குழல்காரரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், மற்றவர் வாசிப்பதாக இருவருமே நினைத்ததாகவும் சொன்னார். அத்தனை பேரில், எத்தனையோ மீட்டர் வைத்து அளந்த நான் உள்பட, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் அவரே ஏணியோடு வந்து, இழுத்துக் கழற்றி, புது 6202 பேரிங் அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

ஃபேன் இப்போது ஓடுவதே தெரியவில்லை. பழைய பேரிங்கை மேசைக் கிட்டார்காரர் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கிரீஸை மட்டும் துடைத்துவிட வேண்டாம் என்றார்.